கட்டப்பட்டவளின் பேச்சு

கடத்தல் படங்களுக்கென்று எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. முதற்பாதியில் கட்டுண்டவர் அழவேண்டும், கெஞ்சவேண்டும், ஒருமுறை தப்பிக்க முயன்று பிடிபடவேண்டும். பிற்பாதியில் ஒரு கண்ணாடித் துண்டோ துருப்பிடித்த ஆணியோ கைக்கு அகப்படவேண்டும். கயிறு அறுபடும், அதுவரை ஒடுங்கிக்கிடந்த உடல் நிமிரும், கடத்தியவன் மண்டையில் முதல் அடி விழும்போது அரங்கம் கைதட்டும். நாமும் கைதட்டியிருக்கிறோம். அந்தக் கைதட்டலில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் 'திருப்பித் தாக்குதல்' என்றால் அந்த அடி மட்டுமே என்று நம்மைப் பழக்கிவிட்டதில்தான் இவ்வகைப் படங்களின் பிழை இருக்கிறது.

இதைப்பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதற்கு ஜே பிளேக்சன் எழுதி இயக்கிய 'தி டிஸ்அப்பியரன்ஸ் ஆஃப் ஆலிஸ் கிரீட்' என்ற பிரித்தானியப் படம் காரணம். 2009இல் வந்த இப்படம் அவருடைய முதல் முழுநீளப் படைப்பு. மூன்றே நடிகர்கள்: கடத்தப்படும் ஆலிஸாக ஜெம்மா ஆர்ட்டர்ட்டன், கடத்துபவர்களில் மூத்தவனான விக்காக எடி மார்சன், இளையவனான டானியாக மார்ட்டின் காம்ப்ஸ்டன். ஒரு காவலர், ஒரு பக்கத்து வீட்டுக்காரர், கவலையில் நகம் கடிக்கும் ஒரு தந்தை, எவரும் திரையில் இல்லை. பணம் தரவேண்டிய செல்வந்தரான அந்தத் தந்தையின் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. ஒரு குடியிருப்பு, அதில் ஓர் அறை, அறையில் ஒரு கட்டில். படத்தின் பெரும்பகுதி இவ்வளவில் அடங்கிவிடுகிறது. முடிச்சுகளை அவிழ்க்காமல் இப்படத்தைப்பற்றிப் பேச இயலாது. எனவே இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்றிருப்பவர்கள் பார்த்துவிட்டுத் தொடர்வது நலம்.

படத்தின் தொடக்கம் பேச்சில்லாதது. இரண்டு ஆண்கள் கடையில் பொருள் வாங்குகிறார்கள். துளையிடும் கருவி, பூட்டுகள், ஒலியை உறிஞ்சும் பஞ்சுத் தகடுகள், கட்டிலின் பாகங்கள். வீட்டுக்கு வந்து கட்டிலைப் பூட்டுகிறார்கள், தரையோடு இறுக்குகிறார்கள், சாளரத்தை அடைக்கிறார்கள், கதவுக்குத் தாழ் பொருத்துகிறார்கள். புதுமனை புகுவதற்கு முன் வீட்டைச் சீர்செய்யும் இருவரைப்போல அவ்வளவு பொறுப்பாக, அவ்வளவு அமைதியாக வேலை நடக்கிறது. எதற்காக என்று புரியத் தொடங்கும்போது வயிறு சில்லிட்டுப்போகிறது. வன்முறையைக் காட்டுவதைவிட வன்முறைக்கான தச்சுவேலையைக் காட்டுவது கூடுதல் அச்சம் தரும் என்பதை இந்த இயக்குநர் தம் முதல் படத்திலேயே அறிந்துவைத்திருக்கிறார்.

பின்னர் அவளைக் கொண்டுவருகிறார்கள். முகத்தை மூடி, வாயை அடைத்து, கைகளையும் கால்களையும் கட்டிலோடு பிணைத்து, உடுத்தியிருந்தவற்றை வெட்டியெறிந்து, நிழற்படம் எடுத்து, வேறு உடை அணிவிக்கிறார்கள். இதிலும் பேச்சு குறைவு. வெறி இல்லை, கிண்டல் இல்லை, முன்பே ஒத்திகை பார்த்த நடைமுறை மட்டும். ஆளைப் பொருளாக்கும் செயலை அதன் முழுக்குளிரோடு காட்டவேண்டும் என்ற நோக்கம் விளங்குகிறது. ஆயினும் அக்காட்சி பாதியாகக் குறைந்திருந்தாலும் படம் எதையும் இழந்திருக்காது என்றே நமக்குத் தோன்றுகிறது. கடத்துபவனின் கண்ணும் படக்கருவியின் கண்ணும் ஒரே இடத்தில் நிற்கும்போது, பார்வையாளனுக்கு வேறு இடம் கொடுக்கவேண்டிய கடமை இயக்குநருக்கு உண்டு. அந்தச் சில நிமிடங்களில் இவர் அதைக் கொடுக்கவில்லை.

கொடுப்பது அதற்குப் பிறகுதான். டானி மட்டும் காவலிருக்கும் நேரத்தில் ஆலிஸ் இயற்கை உபாதையைச் சொல்லி ஒரு கையை விடுவிக்கச் செய்கிறாள். அவன் கூச்சத்தோடு திரும்பிக்கொள்ளும் அந்தச் சிறு இடைவெளியில் அவனைத் தாக்கித் துப்பாக்கியைப் பறித்துவிடுகிறாள். துப்பாக்கி வெடிக்கிறது, குண்டு சுவரில் பாய்கிறது. நாம் முதலில் சொன்ன இலக்கணப்படி இது பிற்பாதியின் உச்சக்காட்சியாக இருக்கவேண்டியது. இங்கோ படம் இன்னும் பாதியைக்கூட எட்டவில்லை! அடுத்த கணம் டானி முகமூடியைக் கழற்றுகிறான். அவன் அவளுடைய பழைய காதலன்.

இந்த இடத்தில்தான் படம் தன் உண்மையான பாதைக்குள் நுழைகிறது. துப்பாக்கி அவளுக்கு விடுதலையைப் பெற்றுத்தரவில்லை. ஒரு செய்தியைப் பெற்றுத்தந்தது. அந்தச் செய்தி துப்பாக்கியைவிட வலியது என்பதை அவள் மெல்ல உணர்கிறாள். டானியைத் தனக்குத் தெரியும் என்பது விக்குக்குத் தெரியாது. அதாவது, கடத்தியவர்களில் ஒருவன் மற்றவனிடமிருந்து மறைக்கவேண்டிய ஒன்று இப்போது கட்டிலில் கிடப்பவளின் வாயில் இருக்கிறது. சுடப்பட்ட குண்டின் வெற்றுறையை விக் கண்டுவிடக்கூடாதே என்று டானி படும் பாடு இப்படத்தின் மிகச் சிறந்த பதற்றக் காட்சி. கழிப்பறையில் போட்டு நீரைத் திறந்துவிடுகிறான். அது போகமாட்டேன் என்கிறது. கடைசியில் எடுத்து விழுங்கிவிடுகிறான். ஒரு விரற்கடை நீளமுள்ள பித்தளைத் துண்டை வைத்துக்கொண்டு இவ்வளவு அச்சத்தை உண்டாக்கமுடியும் என்றால், கார்களைப் பறக்கவிட்டு எரிக்கும் இயக்குநர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

போகப்போக இன்னொரு உறவும் தெரியவருகிறது. விக்கும் டானியும் சிறையில் அறிமுகமானவர்கள். வெறும் கூட்டாளிகள் அல்லர், காதலர்கள். ஆக, மூவரில் எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் அவர்களுக்கிடையே மூன்றாமவர் அறியாத ஒன்று இருக்கிறது. டானி இருவரிடமும் அன்பு சொல்கிறான், இருவரையும் ஏமாற்றுகிறான், ஒருவேளை இருவரிடமும் உண்மையும் பேசுகிறான். விக் கல்லாகத் தோன்றி, உள்ளுக்குள் டானியை மட்டும் நம்பிக்கொண்டிருப்பவன். இவர்களுக்கு நடுவில், உடலை அசைக்க முடியாத ஆலிஸுக்கு அசைக்க முடிந்தது நாக்கு ஒன்றுதான். அதையும் பெரும்பாலான நேரம் அடைத்துவைக்கிறார்கள். அடைப்பை எடுக்கும் சில நிமிடங்களில் அவள் பேசும் ஒவ்வொரு சொல்லும் ஒரு நகர்த்தல். டானியிடம் அவள் கனிந்து பேசுகிறாள். அது நடிப்பா, பழைய அன்பின் மிச்சமா, அச்சத்தில் பிறந்த பிடிப்பா? படம் சொல்வதில்லை. அவளுக்கே தெரியுமா என்பதும் ஐயம். ஆர்ட்டர்ட்டனின் நடிப்பு இங்கே மெச்சத்தக்கது. பொய் சொல்பவளின் முகம் என்று ஒன்றை அவர் தனியாக வைத்துக்கொள்ளவில்லை.

கனிவில் மயங்கி அருகில் வந்த டானியின் கையிலேயே விலங்கைப் பூட்டிவிட்டு, அவனுடைய கைப்பேசியில் அவசர எண்ணை அழைக்கிறாள். உதவிக்கு வர ஆயத்தமாக மறுமுனையில் ஒரு குரல் இருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

தமிழ் படித்த நமக்கு இக்காட்சி வேறொன்றையும் நினைவூட்டுகிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது; அவ்விரண்டும் அமைந்த பிறகே மற்றவை. அகப்பாடலில் வரும் தலைவிக்குப் பெயர் இராது, ஆனால் அவள் நிற்கும் நிலம் இருக்கும். ஆலிஸுக்குப் பெயர் இருக்கிறது. படத்தின் தலைப்பே அவள் பெயர்தான். நிலமும் பொழுதும் இல்லை. சாளரம் அடைபட்ட அறையில் பகலா இரவா தெரியாது. ஊரா காடா தெரியாது. ஒருவரைக் கடத்துவது என்றால் முதற்பொருளைப் பறிப்பது என்று பொருள் சொல்லலாம் போலிருக்கிறது. கைவிலங்கு அதற்குப் பிறகு வருவதுதான்.

இவ்விடத்தில் படத்தைவிட்டுச் சற்று விலகவேண்டியிருக்கிறது. ஆலிஸ் டானியிடம் கனிந்து பேசும் காட்சியைப்பற்றி நண்பர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சட்டென்று, 'அது ஸ்டாக்ஹோம் மனநிலை' என்று முத்திரை குத்திவிட்டார். இன்று படித்தவர் நாவில் மிக எளிதாகப் புழங்கும் தொடர் இது. இது பிறந்த கதையைக் கொஞ்சம் நினைவுகூர்வது நல்லது. 1973 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாக்ஹோம் நகரின் நோர்மால்ம்ஸ்டோர்க் சதுக்கத்திலிருந்த ஒரு வங்கிக்குள் யான் எரிக் ஓல்சன் என்பவன் துப்பாக்கியோடு நுழைந்து ஊழியர்கள் நால்வரைப் பிணையாகப் பிடித்தான். ஆறாம் நாள் காவல்துறை கண்ணீர்ப் புகையைச் செலுத்தியபின் அவர்கள் மீண்டனர். இடையில், பிணையாக இருந்த கிறிஸ்டின் எனமார்க் என்ற இளம்பெண் பிரதமர் உலோஃப் பால்மேயோடு தொலைபேசியில் பேசி, பிடித்துவைத்திருப்பவர்களைவிடக் காவல்துறையின் தாக்குதலுக்கே தாம் அஞ்சுவதாகச் சொன்னார். அவர்களோடு தம்மை வெளியே போகவிடும்படி கேட்டார். காவல்துறைக்கு ஆலோசகராக இருந்த உளநல மருத்துவர் நில்ஸ் பேயரோட் இதற்கு ஒரு நோயின் பெயர்போல் ஒலிக்கும் பெயரைச் சூட்டினார். பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயருக்குரியவராகிய எனமார்க் பின்னாட்களில் அதைத் திரும்பத் திரும்ப மறுத்தார் என்பது மட்டும் பலருக்குத் தெரியாமல் போயிற்று. துப்பாக்கி ஏந்தியவனுக்கும், அவசரப்பட்டு உள்ளே பாயக்கூடிய காவலர்களுக்கும் நடுவே அகப்பட்ட ஒருத்தி, எந்தப் பக்கத்திலிருந்து சாவு விரைவாக வரும் என்று கணக்கிட்டாள். அதற்குப் பெயர் நோயா?

தற்செயல் ஒன்று: சரியாக 33 ஆண்டுகள் கழித்து, 2006 ஆகஸ்ட் 23 அன்று, ஆஸ்திரியாவில் நடாஷா கம்புஷ் தப்பித்தார். பத்து வயதில், 1998 மார்ச் 2 அன்று, பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டு, வியன்னாவுக்கு அருகில் ஒரு வீட்டின் நிலவறையில் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அடைபட்டிருந்தவர். அவர் எவரையும் தாக்கவில்லை. காரைத் தூய்மைப்படுத்திக்கொண்டிருந்தபோது, தூசு உறிஞ்சும் கருவியின் இரைச்சலால் கடத்தியவன் தொலைபேசியோடு சற்று விலகிப்போக, ஓடினார். அவன் அன்றே தற்கொலை செய்துகொண்டான். கம்புஷ் தொலைக்காட்சியில் தெளிவான சொற்களில் பேசினார். தம்மைச் சிறைவைத்தவனை வெறும் அரக்கன் என்று சொல்ல மறுத்தார். முதலில் கண்ணீர் விட்ட ஊர் பிறகு முகம் சுளிக்கத் தொடங்கியது. இவர் ஏன் உடைந்துபோகவில்லை, ஏன் இன்னும் முன்பே ஓடவில்லை, எதையோ மறைக்கிறாரோ என்றெல்லாம் கேள்விகள். எட்டு ஆண்டுகள் ஒரே மனித முகத்தை மட்டும் கண்டு வளர்ந்த குழந்தை அந்த முகத்தோடு ஏதோ ஓர் உறவை ஏற்படுத்திக்கொண்டுதான் உயிரோடு இருந்திருக்க முடியும் என்பதை அவரே சொல்லியும், நோய்ப்பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டும், கேட்பாரில்லை.

அமெரிக்காவில் இது இன்னும் கடுமையாக நடந்தது. 1974 பிப்ரவரியில் கடத்தப்பட்ட பாட்டி ஹர்ஸ்ட் அவ்வாண்டு ஏப்ரலில் கடத்தியவர்களோடு சேர்ந்து வங்கிக் கொள்ளையில் துப்பாக்கி ஏந்தினார். அவருடைய செயல் அச்சத்தால் விளைந்ததா மனமாற்றத்தால் விளைந்ததா என்பதை இன்றுவரை வாதிடுகிறார்கள். 1976இல் நடுவர் குழுவுக்கு அந்த ஐயம் எழவில்லை, குற்றவாளி என்றது. கார்ட்டர் 1979இல் தண்டனையைக் குறைத்தார். கிளின்டன் 2001இல் மன்னிப்பு வழங்கினார். கடத்தப்பட்டவர் மன்னிப்புப் பெறவேண்டிய நிலை!

இவற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கைதட்டும் பார்வையாளனும் சந்தேகப்படும் ஊரும் வேறுவேறு ஆட்கள் அல்லர். திருப்பி அடித்தால்தான் நீ கட்டுண்டவள், பேசினால் நீ உடந்தை என்ற தீர்ப்பைத் திரையரங்கிலிருந்து வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் எடுத்துச்செல்கிறோம். ஆண்டுக்கணக்கில் அடிவாங்கிக்கொண்டு ஒரு வீட்டில் வாழ்ந்த பெண்ணிடம், ஏன் முன்பே வெளியேறவில்லை என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியும் இங்கிருந்துதான் வருகிறது. அவள் ஒவ்வொரு மாலையும் எந்தச் சொல்லைச் சொன்னால் அடி விழாது என்று கணக்கிட்டுப் பேசியிருப்பாள். அந்தக் கணக்கை எந்த உச்சக்காட்சியும் காட்டியதில்லை.

நம் மரபில் கட்டுண்டவரின் பெருமை மறுத்தலில் இருக்கிறது. சோழன் செங்கணானிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலம் தாழ்ந்து வந்தபோது அதைப் பருகாமல் உயிர்விட்டதாகப் புறநானூற்றுக் குறிப்பு சொல்கிறது. அசோகவனத்துச் சீதை இராவணனைப் புல்லாக மதித்தது மட்டுமன்று, தூக்கிச்செல்கிறேன் என்ற அனுமனையும் மறுக்கிறாள். உலகங்களை எரிக்கும் ஆற்றல் தன் சொல்லுக்கு இருந்தும் அது தன் கணவனின் வில்லுக்கு இழுக்கு என்று அடக்கிக்கொண்டதாகக் கம்பன் பாடுகிறான். பெருமிதமான சித்திரங்கள்தாம். வகுப்பில் இவற்றை நடத்தும்போது நம் குரலும் சற்று உயர்ந்துவிடுகிறது. ஆயினும் இரும்பொறைக்குக் கிடைத்தது ஒரு பாட்டு. சீதைக்குக் கிடைத்தது தீக்குளிப்பு. மறுத்தவளையும் நம்பாத ஊரில், பேரம் பேசி உயிர்பிழைத்தவளை யார் நம்புவார்கள்? மணிமேகலையின் கதை சற்று வேறு. அரசி அவளைத் தன் பிடியில் வைத்து, அவளைக் கெடுக்க ஒருவனை ஏவியபோது, அவள் மந்திரத்தால் ஆணுருக் கொண்டு தப்புகிறாள். உருமாறித் தப்பும் இந்தக் காப்பிய நாயகி, நமக்கென்னவோ, சீதையைவிட ஆலிஸுக்கு நெருங்கியவளாகத் தெரிகிறாள். மந்திரம் இல்லாதவள் குரலை மாற்றிக்கொள்கிறாள், அவ்வளவே.

பார்வையாளனின் கைதட்டலை நேரடியாகத் தாக்கிய படம் ஒன்றையும் இங்கே சொல்லியாகவேண்டும். மைக்கேல் ஹானகே 1997இல் எடுத்த 'ஃபன்னி கேம்ஸ்'. விடுமுறை வீட்டில் ஒரு குடும்பத்தைச் சிறைப்பிடிக்கும் இரு இளைஞர்களில் ஒருவனை, கட்டுண்ட தாய் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டுவிடுகிறாள். நாம் கைதட்டத் தொடங்கும் அந்தக் கணத்தில் மற்றவன் தொலைக்காட்சிக் கருவியின் விசைப்பெட்டியைத் தேடி எடுத்துப் படத்தையே பின்னோக்கி ஓட்டுகிறான். அவள் சுட்டது நடக்காததாகிவிடுகிறது. இதே படத்தை ஹானகே 2007இல் ஆங்கிலத்தில் ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி அப்படியே திரும்ப எடுத்தார். அறிவார்ந்த செயல்தான், ஆனால் அது நம் தலையில் குட்டும் ஆசிரியரின் செயல். பார்வையாளனைத் தண்டிக்கும் அவசரத்தில் அந்தத் தாயை இரண்டாம் முறையும் சிறைவைத்துவிடுகிறார். பிளேக்சன் அவ்வளவு பெரிய கலைஞர் அல்லர். ஆனால் கட்டுண்டவளை ஒரு கருத்துக்கு எடுத்துக்காட்டாக ஆக்காமல், கடைசிவரை அவளை மனுஷியாக விட்டுவைத்திருக்கிறார்.

குறை சொல்லவேண்டிய இடம் கடைசி இருபது நிமிடம். விக்குக்கு உண்மை தெரிந்த பிறகு படம் அறையைவிட்டு வெளியே வருகிறது. ஆளரவமற்ற ஒரு கிடங்கு, ஒரு காடு, துரத்தல், துப்பாக்கிச் சூடு. அறைக்குள் இருந்த இறுக்கம் காற்றில் கலைந்துவிடுகிறது. ஆலிஸ் கிடங்கில் விலங்கோடு கிடக்க, முடிவை ஆண்கள் இருவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கிறார்கள். விக்கைச் சுட்டுவிட்டு, அவளை அப்படியே சாகவிட்டுப் பணத்தோடு போகிறான் டானி. சாகும் தறுவாயில் விக் விலங்கின் சாவியை அவளிடம் சேர்க்கிறான். இவ்வளவு நேரம் சொல்லாலும் கணக்காலும் போராடியவளுக்கு விடுதலை ஒரு சாகிறவனின் கொடையாக வருகிறது. ஃபின்ச்சரின் 'பேனிக் ரூம்' (2002) படத்திலும் இதேதான்: ஜோடி ஃபாஸ்டரின் தாய் எவ்வளவோ போராடியும், கடைசியில் தாயையும் மகளையும் காப்பாற்றுவது மனம் மாறிய ஒரு கொள்ளைக்காரனின் குண்டு. கட்டுண்டவள் முழுக்கத் தன் முயற்சியால் வெளியேறினாள் என்று எழுத இந்த எழுத்தாளர்களுக்கு ஏனோ கை வருவதில்லை. கம்புஷின் ஓட்டத்தைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம்.

கிடங்கைவிட்டு வெளியே வரும் ஆலிஸ் சாலையில் ஒரு காரைக் காண்கிறாள். உள்ளே காயம்பட்ட டானி இறந்துகிடக்கிறான். தன் தந்தை தன்னை மீட்கக் கொடுத்த இருபது இலட்சம் பவுண்டும் அங்கே இருக்கிறது. அவள் காரை எடுத்துக்கொண்டு போகிறாள். காவல்நிலையத்துக்கா, வீட்டுக்கா, வேறெங்குமா, தெரியாது. அப்போதுதான் படத்தின் தலைப்பு திரையில் வருகிறது.

இவ்வளவு நேரம் நாம் பார்த்தது அவள் காணாமற்போன கதை அன்று. இனிமேல்தான் அவள் காணாமற்போகப் போகிறாள். பிளேக்சன் பின்னர் எடுத்த 'ஐ கேர் எ லாட்' (2020) படத்தில் முதியவர்களை நீதிமன்ற ஆணையோடு, முத்திரைத்தாளோடு, காப்பகத்தில் அடைத்துச் சொத்தைப் பறிக்கும் ஒருத்தி வருகிறாள். அதுவும் கடத்தல்தான், முகமூடி மட்டும் இல்லை. ஆலிஸின் கதையை 'கிட்நாப்பிங் ஸ்டெல்லா' என்று 2019இல் ஜெர்மன் மொழியிலும் எடுத்தார்கள். தலைப்பிலேயே செயப்படுபொருள் ஆகிவிட்டாள் பாவம் அந்த ஸ்டெல்லா.

ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்க முயன்றபோது ஒரு சிக்கல் எழுந்தது. 'ஆலிஸ் கிரீடின் மறைவு' என்றால் நம் மொழியில் அவள் இறந்துவிட்டாள். 'மறைக்கப்பட்டது' என்றால் விக்கும் டானியும் எழுவாய் ஆகிவிடுகிறார்கள். 'மறைந்தாள்' என்றாலும் இரங்கற்குறிப்பின் வாடை அடிக்கிறது. கடைசியில் 'காணாமற்போனாள்' என்பதே பொருந்தும் போலிருக்கிறது. காவல்நிலையப் புகாரில் எழுதும் சொல்தான். ஆனாலும் போவது அவளே.